செல்போன் வாசலில் ஒரு தினசரி காலண்டர்!

"காலையில சுகர் மாத்திரை போட்டேனா, போடலையா?"

வில்லாபுரம் ஹவுசிங் போர்டு பக்கம் காலை எட்டரை மணிக்கு நாலு வீட்டைக் கடந்து போனால் ஒரு வீட்டிலாவது இந்தக் கேள்வி காதில் விழும். கேட்கிறவருக்கு அறுபது தாண்டியிருக்கும். பதில் சொல்ல வேண்டிய மருமகளோ பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட வாசலில் நிற்கிறாள். "போட்டுட்டீங்க மாமா!" என்று குத்துமதிப்பாக ஒரு பதில் வரும். சில நாள் அதுவும் வராது. பெரியவர் பார்ப்பார்... எதுக்கு வம்பு என்று இன்னொரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

வம்பே அங்கேதான் ஆரம்பம்! கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை ஒரே வேளையில் இரண்டு தடவை போட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். பக்கத்தில் இருப்பவர்கள் 'வெயில்ல போயிட்டு வந்தாரு, அசதி' என்று படுக்க வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்யவே கூடாது. நினைவு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தேறிவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இந்த வகை மாத்திரை பல மணி நேரம் வேலை செய்யும். சர்க்கரை மறுபடியும் இறங்கலாம்.

இத்தனைக்கும் அந்தப் பெரியவரின் சட்டைப் பையில் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாத செல்போன் இருக்கிறது. 'போட்டாச்சு' என்று சொல்லக்கூடிய வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் விட்ஜெட்.

"சித்த வைத்தியருக்கு செல்போன்ல என்ன வேலை? சூரணம், லேகியம்னு எழுத வேண்டியதுதானே" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. எந்த மருந்தாக இருந்தாலும் வேளை தப்பினால் பலன் பாதிதான். சூரணத்துக்கும் இதே கதைதான். அதற்கும் வருகிறேன்.

அது என்ன விட்ஜெட்?

உங்கள் வீட்டு ஹாலில் சிவகாசியில் அச்சடித்த தினசரி காலண்டர் தொங்குகிறது இல்லையா? காபி டம்ளரோடு அந்தப் பக்கம் போகும்போதே தேதி, கிழமை, ராகுகாலம், எமகண்டம் எல்லாம் கண்ணில் பட்டுவிடும். யாரும் அதைத் 'திறந்து' பார்ப்பதில்லை. பீரோவுக்குள் பஞ்சாங்கமும் இருக்கிறது. அதில் விவரம் அதிகம். ஆனால் சாவி தேடி, கதவைத் திறந்து, பக்கம் புரட்ட வேண்டும். அதனால் நல்லது கெட்டது என்றால்தான் எடுப்போம்.

செல்போனில் ஆப் என்பது பீரோவில் இருக்கும் பஞ்சாங்கம். விட்ஜெட் என்பது சுவரில் தொங்கும் காலண்டர். போனைத் திறந்ததும் வருகிற முதல் திரையிலேயே, ஆப்பைத் தொடாமல், அதன் முக்கியமான தகவலை மட்டும் ஒரு சின்னக் கட்டத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். மணி, வெயில் அளவு, இன்றைய வேலைகள், நடந்த அடிகள் என்று எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

புது வசதியும் இல்லை. ஆண்ட்ராய்டு போன்களில் 2009-லேயே பல ஆப்கள் இப்படிக் கட்டம் வைக்க வழி வந்துவிட்டது. ஐபோனின் முகப்புத் திரைக்கு 2020 செப்டம்பரில் வந்தது. இத்தனை வருஷமாகக் கையில் இருந்தும் நம் வீடுகளில் பெரும்பாலும் போன் வாங்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்த கடிகாரத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

அலாரம் போதாதா?

நல்ல கேள்வி. நிறையப் பேர் வீட்டில் எட்டு மணிக்கு அலாரம் அடிக்கும். அப்போது பெரியவர் பாத்ரூமில் இருப்பார். பேத்தி ஓடி வந்து அமுக்கி நிறுத்துவாள். அவ்வளவுதான், அந்த வேளை மருந்து போச்சு! அலாரம் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போய்விடும். விட்ஜெட் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கும். நீங்கள் 'முடிந்தது' என்று டிக் அடிக்கிறவரை நகராது. பன்னிரண்டு மணிக்குப் போனை எடுத்தாலும், "காலை சுகர் மாத்திரை" என்ற வரி அங்கேயே முழித்துக்கொண்டு நிற்கும்.

பன்னிரண்டு மணிக்குப் பார்த்துவிட்டு என்ன செய்வது? அதை மாத்திரை எழுதிய டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு மருந்து விதி மாறும். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று சொல்லலாம். விட்டுப்போன வேளைக்கும் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள்.

என்னைக் கேட்டால் 'போடு' என்று ஞாபகப்படுத்துவதை விட 'போட்டாச்சு' என்று சாட்சி சொல்வதுதான் விட்ஜெட்டின் பெரிய உபகாரம். மறந்து விடுவது ஒரு ஆபத்து என்றால், மறந்து இரண்டாம் தடவை போடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. டிக் விழுந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் மருமகளையும் கூப்பிட வேண்டாம், குத்துமதிப்பும் வேண்டாம்.

மருந்தை ஒழுங்காக எடுக்காதது நம்ம ஊர்க்காரர்களின் தனிக் குணம் என்று நினைக்காதீர்கள். நாள்பட்ட நோய்களுக்கு மருந்தை முறையாக எடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. வளரும் நாடுகளில் இன்னும் குறைவு. நம் நாட்டிலோ 10 கோடிக்கும் மேலானவர்களுக்கு சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் வெளியானது. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியபோது, பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. மிக நல்ல காரியம். ஆனால் வாசல் வரை வந்த மாத்திரை வயிறு வரை போக வேண்டுமே! அந்தக் கடைசி நாலு அடிக்கு யாரும் திட்டம் போட முடியாது. அது நம் வீட்டு வேலை.

கிழமை தப்பினால் உயிருக்கே வினை!

சில மருந்துகளில் நேரமும் கிழமையும்தான் பாதி வைத்தியம்.

தைராய்டு குறைவுக்குப் போடும் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். போட்டபின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி, டீ, பலகாரம் எதுவும் கூடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் இருந்தால் நாலு மணி நேரம் தள்ளித்தான். மதுரையில் பல்லைத் துலக்கியதும் ஃபில்டர் காபி இல்லாமல் எந்த அம்மாவால் இருக்க முடியும்? காபியோடு சேர்த்தே போட்டுவிட்டு, "ஒரு வருஷமா போடறேன் டாக்டர், டெஸ்ட்ல அளவு இறங்கவே மாட்டேங்குது" என்பார்கள். முதல் திரையில் '6.00 தைராய்டு', '7.00 காபி', '11.00 கால்சியம்' என்று மூன்று வரி இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது மெத்தோட்ரெக்சேட் மாத்திரையில். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் ஆங்கில மருத்துவர்கள் எழுதுவது. வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை! தினமும் போடும் மாத்திரை என்று நினைத்து வரிசையாகப் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து, வாய் முழுக்கப் புண் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். உலகம் முழுக்க மருத்துவர்கள் பயப்படுகிற தவறு இது. ரிட்டையர் ஆனவர்களுக்குக் கிழமையே மறந்துவிடுகிறது. திங்களும் ஞாயிறும் அவர்களுக்கு ஒன்றுதான். 'செவ்வாய் மட்டும்' என்ற வரி, செவ்வாய்க்கிழமை மட்டும் முகப்பில் வந்து நிற்கும்படி வைத்துவிடுங்கள். மற்ற ஆறு நாளும் அந்த வரி இருக்காது. அது இல்லாத நாளில் அந்த டப்பாவைத் தொட வேண்டியதில்லை.

நம்ம மருந்துக்கு வருவோம்...

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது, மருந்தின் பெயரைச் சொன்ன கையோடு அதன் ஆயுளையும் சொல்ல வேண்டும். குடிநீர், சாறு, கற்கம் இவற்றின் ஆயுள் ஒரு சாமம். சாமம் என்றால் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். இன்றைக்கு வீடுகளில் என்ன நடக்கிறது? காலை ஆறு மணிக்கு நிலவேம்புக் குடிநீர் காய்ச்சி, ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்து, ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். அது குடிநீர் இல்லை, கசக்கிற பழைய தண்ணீர்! காய்ச்சி வடிகட்டியதும் போன் முகப்பில் இருக்கும் டைமரைத் தொட்டு மூன்று மணி நேரம் வைத்துவிடுங்கள். மணி அடித்தால் மீதியைக் கொட்டிவிட்டு, அடுத்த வேளைக்குப் புதிதாகக் காய்ச்சுங்கள்.

வீட்டில் இடித்துச் சலித்த சூரணத்துக்கு நூல்கள் சொல்லும் ஆயுள் மூன்று மாதம். இடித்த அன்றே மூன்று மாதம் தள்ளி காலண்டரில் குறித்துவிட்டால், அன்று காலை விட்ஜெட்டில் வந்து நிற்கும். கடையில் வாங்கியதென்றால் லேபிளில் போட்டிருக்கும் தேதியைப் பார்த்துக் குறியுங்கள்.

அப்புறம் மண்டலக் கணக்கு. 48 நாள் சாப்பிடச் சொன்னால், இருபதாவது நாள் உடம்பு கொஞ்சம் தேவலை என்றதும் நிறுத்திவிடுவார்கள். சிலர் நேர்மாறாக, நிறுத்தச் சொன்னதை மறந்து நாலு மாதம் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பற்பம், செந்தூரம் போன்றவற்றில் இது ரொம்பத் தப்பு. மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டக் கூடாது. நாள் எண்ணுவதற்கென்றே ஆப்கள் இருக்கின்றன. 'இன்னும் 17 நாள்' என்று முகப்பில் எண் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தால் பத்தியம் இருக்கவும் ஒரு தெம்பு வருகிறது என்று என்னிடம் வரும் ஒரு ஆசிரியை சொன்னார். பத்தியத்தில் புளியை விட்ட மதுரைக்காரருக்கு அந்தத் தெம்பு தேவைதான்!

அனுபானத்தை மறப்பதும் சகஜம். இது தேனிலா, நெய்யிலா, வெந்நீரிலா? ஒரு குறிப்பு விட்ஜெட்டில் 'சூரணம் - தேன் - சாப்பாட்டுக்குப் பின்' என்று தமிழிலேயே எழுதி வைத்தால் போதும். ஆங்கில மருந்தும் கூடவே எடுப்பவர்கள், இரண்டுக்கும் நடுவே விடச் சொன்ன இடைவெளியையும் அதிலேயே எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தத் திரையை டாக்டரிடம் காட்டுங்கள். "நாட்டு மருந்து சாப்பிடறதைச் சொன்னா டாக்டர் திட்டுவார்" என்று மறைப்பதுதான் ஆபத்து.

எப்படி வைப்பது?

ஆண்ட்ராய்டு போன் என்றால், முதல் திரையில் காலியாக இருக்கும் இடத்தில் விரலை இரண்டு விநாடி அழுத்திப் பிடியுங்கள். 'விட்ஜெட்ஸ்' என்று வரும். தொட்டால் உங்கள் போனில் இருக்கும் கட்டங்களின் பட்டியல் விரியும். வேண்டியதை அழுத்தி இழுத்து வந்து வைத்துவிடலாம். மறுபடி அழுத்திப் பிடித்தால் ஓரத்தில் புள்ளிகள் வரும். அதை இழுத்துக் கட்டத்தைப் பெரிதாக்கலாம். கண் மங்கலானவர்களுக்குக் கட்டம் பெரிதாக இருப்பது நல்லது. ஐபோனில் அதே மாதிரி அழுத்தினால் படங்கள் நடுங்கும். மேலே இடது மூலையில் கூட்டல் குறியோ 'எடிட்' என்ற சொல்லோ இருக்கும். அதன் வழியாகப் போக வேண்டும்.

மாத்திரைக்கென்று தனி ஆப் தேடி அலைய வேண்டியதில்லை. கூகுள் டாஸ்க்ஸ் என்ற இலவச ஆப் போதும். 'காலை சுகர் மாத்திரை' என்று எழுதி, நேரம் கொடுத்து, தினமும் திரும்ப வரும்படி வைத்து, அதன் விட்ஜெட்டை முகப்பில் போட்டால் அங்கேயே டிக் அடிக்கலாம். தனி ஆப்தான் வேண்டும் என்றால், அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். மாத்திரையை ஞாபகப்படுத்த உங்கள் போன் நம்பர் பட்டியல் எதற்கு?

இன்னொரு கட்டம், அவசரத்துக்கு. மகன் அல்லது மகளின் நம்பரை ஒரே தொடுதலில் கூப்பிடும்படி வைக்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் தொடர்பு எண்கள் பகுதியில் 'டைரக்ட் டயல்' என்று இருக்கும். மயக்கம் வரும் நேரத்தில் பெயர் தேடித் தட்டுவது நடக்காத காரியம். ஆனால் 108-ஐ அப்படி வைக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் கையில் போன் இருக்கும்போது தினம் நாலு தடவை ஆம்புலன்ஸுக்குப் போன் போகும்.

நடையும் வெயிலும்

நடந்த அடிகளைக் காட்டும் விட்ஜெட் இப்போது நிறையப் பேரிடம் இருக்கிறது. 'பத்தாயிரம் ஆகலையே' என்று ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில் சுற்றுகிறவர்களையும் பார்க்கிறேன். இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-ல் ஜப்பானில் ஒரு கடிகாரக் கம்பெனி விற்ற நடைமானியின் பெயரிலிருந்து! 2025-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு, நாளைக்கு 7,000 அடி நடந்தாலே நல்ல பலன் என்கிறது. வீட்டம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. போன் ஃபிரிட்ஜ் மேல் இருக்க, நீங்கள் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடக்கிற நடையெல்லாம் கணக்கில் ஏறாது. விட்ஜெட்டில் 900 என்று காட்டினால் மனசு ஒடிந்துவிட வேண்டாம்!

சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் வெப்பநிலை விட்ஜெட் உபயோகமானது. பேங்க் வேலையைக் காலை பதினோரு மணிக்குள் முடிக்கலாமா, சாயங்காலம் போகலாமா என்று அது சொல்லிவிடும்.

இவற்றை முகப்பிலேயே பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. வெயில் எவ்வளவு என்று பார்க்கப் போனைத் திறந்து, ஆப்பைத் தேடும் வழியில் வாட்ஸ்அப் சிவப்புப் புள்ளி கண்ணில் பட்டு, அரை மணி நேரம் கழித்து 'எதுக்குப் போனை எடுத்தோம்?' என்று முழிப்பது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. விட்ஜெட்டில் பார்த்தால் பார்த்ததோடு கீழே வைக்கலாம். தினம் எத்தனை மணி நேரம் திரையைப் பார்க்கிறீர்கள் என்று காட்டும் கட்டமும் இருக்கிறது. அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனில் வைக்கும்முன், அப்பா அம்மா தங்கள் போனில் ஒரு வாரம் வைத்துப் பார்க்கட்டும்.

சும்மா சும்மா செய்தியும் ஷேர் மார்க்கெட்டும் ஓடிக்கொண்டிருக்கும் கட்டங்களைப் பிரஷர்காரர்கள் எடுத்துவிடுங்கள். முகப்பில் மூன்று, மிஞ்சிப்போனால் நாலு கட்டம். சுவர் முழுக்க காலண்டர் மாட்டினால் எதைத்தான் பார்ப்பது?

நம்பக் கூடாத இடங்கள்

விட்ஜெட் காட்டும் எண் அந்த நொடி எண் என்று நினைக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் சாதாரண முறையில் விட்ஜெட் தானாகப் புதுப்பித்துக்கொள்ள குறைந்தது 30 நிமிட இடைவெளி. ஐபோனில் பொதுவாக ஒரு நாளைக்கு 40-லிருந்து 70 தடவை. பேட்டரியைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு இது. வெயில் அளவு அரை மணி பழசாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் கையில் சென்சார் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைப் போனில் பார்ப்பவர்கள் ஜாக்கிரதை! முகப்பில் 140 என்று இருப்பது முன்பு எடுத்த அளவாக இருக்கலாம். அதை வைத்து இன்சுலின் யூனிட்டைத் தீர்மானிக்காதீர்கள். ஆப்பைத் திறந்து நேரத்தோடு பாருங்கள். உடம்பு ஒன்று சொல்லி, எண் வேறு சொன்னால் விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள்.

பேட்டரி விஷயத்தில் இன்னொரு தொல்லை. சில போன்கள் அதிகம் திறக்காத ஆப்பைத் தானாகவே தூங்க வைத்துவிடும். நினைவூட்டல் வராது, கட்டமும் பழைய நாளிலேயே நிற்கும். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதிக்குப் போய் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்ற வேண்டும். முதல் ஒரு வாரம் பழைய அலாரமும் கூடவே இருக்கட்டும். ஏழு நாள் கிழமை கிழமையாகப் பிரித்த பிளாஸ்டிக் மாத்திரை டப்பாவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போன் சார்ஜ் இறங்கிய அன்று அதுதான் கைகொடுக்கும்.

முகப்புத் திரை எல்லார் கண்ணிலும் படும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர், கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கப் போனை வாங்கும் சொந்தக்காரர்... பெண்பிள்ளைகள் மாதவிலக்குத் தேதியையோ, மனநலத்துக்கோ கருத்தரிப்புக்கோ எடுக்கும் மருந்தின் பெயரையோ முகப்பில் வைக்க வேண்டியதில்லை. 'காலை 1', 'இரவு 2' என்று எழுதினாலே உங்களுக்குப் புரியும்.

கட்டத்தை அமைத்துக் கொடுப்பது பெரும்பாலும் பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கும் மகன்தான். பொங்கலுக்கு வந்தபோது வைத்துவிட்டுப் போயிருப்பார். சித்திரைத் திருவிழா சமயத்தில் டாக்டர் மாத்திரையை மாற்றியிருப்பார். கட்டமோ பழைய மாத்திரையையே தினமும் கேட்டுக்கொண்டிருக்கும்! அதனால், சீட்டு மாறிய அன்றே கட்டத்தையும் மாற்றத் தெரிந்த ஒருவர் அதே வீட்டில் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பேத்திக்கு ஐந்து நிமிடம் போதும். புதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து, அவள் படிக்க, தாத்தா ஒவ்வொரு மாத்திரை அட்டையாக எடுத்துக் காட்ட, அவள் தட்டட்டும். பழைய மாத்திரையின் வரியை அழித்த பிறகு, அந்தப் பழைய அட்டைகளையும் டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள்.